பூமியை எடை போட்ட கூச்ச சுபாவக்காரர்

இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் ஹென்றி கேவண்டிஷ். ஆனால், மனிதர்களைக் கண்டாலே அவருக்குக் கூச்சம். வீட்டுப் பணிப்பெண்களிடம்கூட நேரில் பேசாமல், வேண்டியதைச் சீட்டில் எழுதி வைப்பாராம். அப்படி ஒதுங்கி வாழ்ந்தவர்தான், பூமி எவ்வளவு கனமானது என்பதை உலகத்துக்குக் கணக்கிட்டுச் சொன்னார்.

1731 அக்டோபர் 10-ஆம் தேதி நீஸ் நகரில் பிறந்த கேவண்டிஷ், இரண்டு வயதிலேயே தாயை இழந்தார். கேம்பிரிட்ஜில் படித்தும் பட்டம் பெறவில்லை. 1766-இல் ஹைட்ரஜன் தனி வாயு என்பதைக் கண்டறிந்து பெயர் பெற்றார்.

எல்லாப் பொருள்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. நிறை கூடினால் ஈர்ப்பு கூடும், தூரம் கூடினால் குறையும் என்று 1687-லேயே ஐசக் நியூட்டன் விளக்கியிருந்தார். பூமி மிகப் பெரியது என்பதால் அதன் ஈர்ப்பை நாம் உணர்கிறோம். இரண்டு குண்டுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்போ மிக மிகச் சிறியது. அதை அளக்கக் கருவி செய்தவர் ஜான் மிச்செல் என்ற பாதிரியார். சோதனையைத் தொடங்கும் முன்பே, 1793-இல் அவர் காலமானார். பின்னர் அந்தக் கருவி கேவண்டிஷிடம் வந்து சேர்ந்தது.

அதைத் திருத்தி அமைத்து, 1797-இல், தம் 66-ஆவது வயதில், லண்டன் கிளாப்பமில் இருந்த தம் வீட்டில் சோதனையைத் தொடங்கினார். 1.8 மீட்டர் நீள மரச்சட்டத்தின் இரு முனைகளிலும் முக்கால் கிலோ அளவிலான சிறு ஈயக் குண்டுகள். சட்டம் ஒரு மெல்லிய கம்பியில் தொங்கியது. அவற்றின் அருகே தலா 158 கிலோ எடையுள்ள பெரிய ஈயக் குண்டுகளை நகர்த்தினார். சிறு குண்டுகள் பெரியவற்றை நோக்கிச் சுமார் 4 மில்லிமீட்டர் அசைந்தன. அசைத்த விசை ஒரு மணல் துகளின் எடை அளவுதான்!

லேசான காற்றோட்டம்கூடக் கணக்கைக் கெடுத்துவிடும். எனவே, கருவியை மூடிய அறையில் வைத்து, வெளியே நின்று, சுவர்த் துளை வழியாகத் தொலைநோக்கியில் பார்த்தார்.

ஈயக் குண்டின் ஈர்ப்பையும் பூமியின் ஈர்ப்பையும் ஒப்பிட்டு, பூமி தண்ணீரைவிட 5.48 மடங்கு அடர்த்தியானது என 1798-இல் அறிவித்தார். இன்றைய கணக்கு 5.51. மேலே உள்ள பாறைகளின் அடர்த்தி இதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே, பூமியின் உள்ளே மிகக் கனமான பொருள் இருப்பது உறுதியானது.

முடிவுகளை வெளியிட்டபோது, கருவியை உருவாக்கிய மிச்செலின் பெயரைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே குறிப்பிட்டார். திருமணம் செய்யாமலே வாழ்ந்த கேவண்டிஷ், 1810 பிப்ரவரி 24-ஆம் தேதி காலமானார். கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற இயற்பியல் ஆய்வுக்கூடம் இன்றும் கேவண்டிஷ் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.