சிற்பத்திலிருந்து பட்டுக்கு

அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்டசோழபுரம் கோயிலுக்குச் செல்வோர் பெரும்பாலும் சண்டேசருக்குப் பூமாலை சூட்டும் சிவபெருமானின் சிற்பத்தின் முன் நெடுநேரம் நின்றுவிடுகின்றனர். அருகில் அமர்ந்திருக்கும் உமையின் இடையாடையையும் சற்று உற்று நோக்கலாம். துணியின் மடிப்பும் கரையும் கல்லில் வரிவரியாக இறங்குகின்றன. சோழர் காலத்துச் சிற்பங்களில் பதிந்த இத்தகைய உடையழகு, ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து, சென்னை அடையாற்றில் ஒரு பெண்ணின் கையால் மீண்டும் துணியானது. அவர் ருக்மிணி தேவி அருண்டேல்.

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர் அவர். தந்தை நீலகண்ட சாஸ்திரி, பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். 1920-இல், பதினாறு வயதில், தம்மினும் மிக மூத்தவரான ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலை ருக்மிணி மணந்தபோது சென்னை கொந்தளித்தது. அந்த எதிர்ப்பைத் தாங்கி நின்ற அனுபவம் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும்.

1928-இல் ருஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் அறிமுகம் கிடைத்தது. அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே பயின்றார். சொந்த நாட்டுக் கலையைத் தேடுமாறு அவரைத் தூண்டியவரும் பாவ்லோவாவே. 1933-இல் மியூசிக் அகாதெமியில் சதிராட்டத்தைக் கண்ட பிறகு, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அக்கலையைக் கற்றார். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் மேடையேறினார். அடுத்த மாதமே கலாக்ஷேத்திரம் பிறந்தது.

அந்த மேடையில் அவர் எப்படி ஆடினார் என்பது பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. என்ன உடுத்தியிருந்தார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆனால் பெரிய மாற்றம் அதில்தான் நிகழ்ந்தது. அதுவரை ஆடியவர்கள் புடவையை உடலில் சுற்றிக் கட்டியே ஆடினர். ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களைப் பார்த்து, அவற்றின் மடிப்பையும் இறுக்கத்தையும் அணிகளையும் மேடைக்கேற்பத் தைத்த உடையாக மாற்றினார். தையலில் அவருக்குத் துணைநின்றவர் மேடம் காசான் என்ற இத்தாலியப் பெண்மணி. அரைமண்டியில் அமரும்போது விசிறிபோல் விரியும் முன்மடிப்பு இன்று பரதநாட்டியத்தின் அடையாளமாகிவிட்டது. ஆயிரமாண்டுப் பழமையுடையது என்று நம் பிள்ளைகளுக்கு அரங்கேற்றத்தன்று அணிவிக்கும் அந்த உடைக்கு உண்மையில் நூறு வயதுகூட ஆகவில்லை. சிற்பத்தில் மேலாடையே இல்லாத உருவங்கள் பல. அவற்றுக்கு ரவிக்கை அணிவித்தது கல்தச்சன் அல்லன், இருபதாம் நூற்றாண்டின் நாகரிகம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கல்லை ஆதாரமாகக் கொண்டபோது, அக்கலையை உயிரோடு காத்துவந்த பெண்கள் எங்கே போனார்கள்? தேவதாசி முறை ஒழிப்புக்கான குரல் ஓங்கிய காலம் அது; 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டமும் வந்தது. இசை வேளாளர் குடும்பத்துப் பெண்கள் மேடையிலிருந்து விலக, சிற்பத்தின் சாயலில் உடுத்திய மேல்தட்டுப் பெண்கள் அந்த இடத்துக்கு வந்தனர். சிருங்காரத்தைக் குறைத்து பக்தியை முன்னிறுத்திய ருக்மிணி தேவியின் போக்கை பாலசரஸ்வதி ஏற்கவில்லை. ருக்மிணி தேவி கலையைக் காப்பாற்றினார் என்பதும், அதன் பழைய உரிமையாளர்களின் முகம் அந்தக் காப்பாற்றலில் மங்கியது என்பதும் ஒருசேர உண்மை. இதில் ஒன்றை மட்டும் சொல்லும் வாழ்க்கை வரலாறு முழுமையாகாது.

நடன உடையோடு அவர் நிற்கவில்லை. 1937-இல் கலாக்ஷேத்திரத்தில் தறிகள் அமைந்தன. ஆலைத் துணியும் வெளிநாட்டு மோகமும் பழைய கரைகளை வழக்கொழியச் செய்துகொண்டிருந்த காலத்தில், வீட்டுப் பெட்டிகளில் கிடந்த பாட்டிமார் புடவைகளை அவர் தேடிப் பார்த்தார். ருத்திராட்சம், மயில்கண், யாளி, அன்னம் முதலிய உருக்கள் அகன்ற கரைகளில் திரும்பி வந்தன. உடலுக்கு ஒரு வண்ணம், கரைக்கு அதற்கு நேர்மாறான வண்ணம். நடுவே அலங்காரம் குறைவு. கனத்த பட்டு. இன்று கலாக்ஷேத்திரப் புடவை என்ற பெயரில் அறியப்படும் அப்பாணியின் பழைய புடவைகளைச் சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். 1978-இல் அங்கே கலம்காரிப் பிரிவும் தொடங்கியது.

மாநிலங்களவை நியமன உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிகோலியது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே தலைவர். அத்தகையவர் போற்றி வளர்த்தது பட்டு! கூட்டுக்குள் உயிரோடிருக்கும் புழுவைக் கொன்றே அந்த இழை பிரிக்கப்படுகிறது. இந்த முரண் நெருடவே செய்கிறது. பெரியவர்களின் வாழ்வில் நெருடல்களே இருக்கலாகாது என்று எதிர்பார்ப்பது நம் தவறு. 1977-இல் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவர் பெயரை முன்வைக்க விரும்பியபோது, அவர் மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று மறைந்தார்.

கங்கைகொண்டசோழபுரத்திலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகத் திரும்புவோர் வாரியங்காவல், இலையூர்ப் பக்கம் சற்றே ஒதுங்கிப் போகலாம். அங்கேயும் பட்டுத் தறிகள் உண்டு. நெய்பவர்களில் பலர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் பட்டும் சரிகையும் வெளியிலிருந்து வருகின்றன. நெய்த புடவை வேறோர் ஊரின் கடைக்குப் போகிறது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் அந்த ஊர்ப்பெயராவது பொருளோடு சேர்ந்து பயணம் போகிறது. ஜெயங்கொண்டத்துச் சுற்றுப்புறத் தறியிலிருந்து இறங்கும் புடவை, கடைக்காரர் வைக்கும் பெயரில்தான் விற்பனையாகிறது.

ருக்மிணி தேவியின் பெயர் ஒரு கரையழகுக்கே பெயரானது. அவர் காலத்தில் அடையாற்றுத் தறிகளில் அமர்ந்து அக்கரைகளை நெய்தவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கோர்வை முறையில் கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் இணைக்கும் புடவைக்கு ஒருவர் போதாது. தறியில் ஒருவர் அமர, கரைநாடாவை வாங்கித் திருப்ப இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலும் அது அவருடைய மனைவி, அல்லது மகன். ஒரு புடவை முடியப் பல நாட்கள் ஆகும். பழம்புடவை ஒன்று கைமாறும்போது அதன் வயது, சரிகையின் எடை, கரையின் உரு, வடிவமைத்தவரின் பெயர் எல்லாம் விலையில் சேர்கின்றன. நெய்த அந்த இருவருக்கு அதில் இன்னும் இடமில்லை.