கணிப்பொறிக்குக் கைகாட்டி வைத்தவர்

எனக்கு அரியர் விழுந்த பாடம் ஆபரேட்டிங் சிஸ்டம். செமஃபோர் வந்ததுமே பேனாவை மூடியவன் நான். பி, வி என்று வெறும் இரண்டு எழுத்து புத்தகத்தில் நிற்கும், எதற்கென்று புரியாது. அவை டச்சுச் சொற்களின் முதலெழுத்துகளாம். 1658-ல் நம்ம தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்களே, அதே டச்சுக்காரர் மொழி!

அந்த எழுத்துகளைத் தந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930 மே 11-ல் ராட்டர்டாம் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அப்பா வேதியியல் ஆசிரியர், அம்மா கணிதம் கற்றவர். (நம்ம வீட்டுக் கதை வேறு!) இயற்பியல் படிக்கும்போதே, 1952-ல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராமர் ஆனார். 1957-ல் கல்யாணத்தைப் பதியப் போனால், அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று மறுத்துவிட்டார்கள். இயற்பியலாளர் என்று எழுதித்தான் பதிய முடிந்தது. எங்க அப்பா சங்கு குளிப்பவர். பிள்ளை என்ன படிக்குது என்று யாராவது கேட்டால், ஏதோ கம்ப்யூட்டர் என்பதோடு நிறுத்திக்கொள்வார். விளக்கிச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

1962-ல் டைக்ஸ்ட்ரா எய்ந்தோவனில் பேராசிரியரானார். சிறு குழுவோடு ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அடுக்கடுக்காகக் கட்டி, 1968-ல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். ஒரே கணிப்பொறியில் பல புரோகிராம்கள் ஓடும்போது, ஒரே பொருளை இரண்டு கேட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் செமஃபோர். ரயில்வே கைகாட்டியின் பெயர் அது.

அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் இரண்டு குளியாளிக்கு ஒரு கல். ஒருவர் கல்லோடு இறங்கினால் மற்றவர் தோணியில் காத்திருப்பார். கல் கைமாறினால்தான் அடுத்தவர் இறங்கலாம். கல்லை எடுப்பது பி, விடுவது வி. அவ்வளவுதான்! இப்படிச் சொன்னதும் அப்பா தலையாட்டினார். ஆளுக்கொரு கல்லும் கயிறும் தேவைப்பட்டு, ஒருத்தர் கல்லையும் இன்னொருத்தர் கயிற்றையும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றால்? ரெண்டு பேரும் தோணியிலேயே கிடக்க வேண்டியதுதான் என்றார். டெட்லாக்கை அவரே சொல்லிவிட்டார்! 1965-ல் ஐந்து கணிப்பொறி, ஐந்து டேப் டிரைவ் என்று டைக்ஸ்ட்ரா தேர்வில் கேட்ட கேள்வியும் இதேதான்.

1972-ல் டூரிங் விருது வந்தது. 1984 முதல் 1999 வரை அமெரிக்காவில் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். நெடுங்காலம் சொந்தமாகக் கணிப்பொறி வைத்துக்கொள்ளவில்லை. 1300-க்கும் மேற்பட்ட குறிப்புகளை, பெரும்பாலும் மைப்பேனாவால், எழுதி நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். அவர்கள் மறுபடி நகலெடுத்துப் பரப்பினார்கள், நம்ம ஜெராக்ஸ் நோட்ஸ் மாதிரியே. 2002 ஆகஸ்ட் 6-ல் சொந்த நாட்டில், நூனன் ஊரில் காலமானார்.

அரியர் பேப்பரை வரும் பருவத்தில் எழுதுகிறேன்.

– மூன்றாமாண்டு, கணிப்பொறித் துறை