கானகம் கண்ட கெனத் ஆண்டர்சன்

நம் நசரத்பேட்டை வழியே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலை வேலூர், கிருட்டிணகிரி ஆகிய ஊர்களைக் கடந்து ஓசூரை அடைகின்றது. அங்கிருந்து தெற்கு நோக்கித் திரும்பினால் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி எனக் காடு சூழ்ந்த ஊர்கள் தொடர்ந்து வரும். அக்காடுகளில் கால்நடையாகவே திரிந்து, ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் வீழ்த்தி, அவ்வனுபவங்களை நூல்களாக்கி உலகறியச் செய்தவர் கெனத் ஆண்டர்சன். வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை முதல் உடும்பு வரை ஐந்து உயிர்களைத் துளைத்துச் சென்றதை வன்பரணர் பாடலில் பயிலும் நம் மாணவர்க்கு, கருவிக்கும் அதனை ஏந்துவோனுக்கும் உள்ள உறவினை இவருடைய வாழ்வும் உணர்த்தும்.

ஆண்டர்சன் 1910 ஆம் ஆண்டு ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில், ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் பயின்றார். சட்டம் படிப்பதற்காக எடின்பரோ நகருக்கு அனுப்பப்பெற்ற அவர், படிப்பை முடிக்காமலே தாயகமாகக் கருதிய தென்னாட்டிற்குத் திரும்பினார். அஞ்சல் தந்தித் துறையிலும், பின்னர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையிலும் பணிபுரிந்தார். மாதச் சம்பளத்திற்கு உழைத்த அவர், பணியினின்று ஓய்வு கிடைத்த போதெல்லாம் காட்டை நாடினார். தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்தமையால் மலைவாழ் மக்கள் அவரைத் தம்மவராகவே ஏற்றனர்.

அவர் தோளில் நெடுங்காலம் விளங்கியது 405 வின்செஸ்டர் என்னும் ரைபிள். அமெரிக்காவில் 1895 ஆம் ஆண்டு உருவான வகையைச் சேர்ந்த இத்துப்பாக்கிக்கு, 1904 இல் 405 தோட்டா அமைக்கப்பெற்றது. இதன் எடை ஏறத்தாழ மூன்றேமுக்கால் கிலோ. குண்டின் எடை 19 கிராமுக்குச் சற்று மிகுதி. அது நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் பாயும். விசைக்குப் பின்னுள்ள நெம்புபிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஆயத்தமாகிவிடும். துப்பாக்கியைத் தோளினின்று இறக்க வேண்டுவதில்லை.

அக்காலத்தில் பெருவிலங்கு வேட்டைக்குப் புகழ்பெற்றிருந்தவை ஆங்கிலேயர் செய்த இரட்டைக்குழல் ரைபிள்கள். அவற்றில் 450/400 வகை ஏறத்தாழ நாலரை கிலோ எடையுள்ளது. அதன் குண்டு 26 கிராம். எடை மிகுந்தது தோளைப் பெரிதும் தாக்கும் என எண்ணுவது இயல்பு. ஆயின் உண்மை வேறு. குண்டு முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கின்றது; துப்பாக்கி கனமாக இருப்பின் அவ்வுதைப்பின் வேகம் தணியும். குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கித் துப்பாக்கியின் எடையால் வகுத்துப் பார்த்தால், சிறிய குண்டினைச் செலுத்தும் வின்செஸ்டரும் பெரிய குண்டினைச் செலுத்தும் இரட்டைக்குழலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் பின்னுதைப்பது புலனாகும். நாள் முழுதும் சுமந்து நடப்பதற்கு எளிதாயிருப்பது, சுடும் நொடியில் அதற்குரிய விலையைத் தோளிடம் பெற்றுக்கொள்கின்றது.

இலேசான துப்பாக்கி உயிர்காத்த நிகழ்ச்சியும் உண்டு. குமாவோன் மலைப்பகுதியில் ஜிம் கார்பெட் 1930 ஏப்ரல் 11 அன்று சௌகட் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சில அடி தொலைவில் எதிர்பாராது கண்டார். இடக்கையில் பறவை முட்டைகள். வலக்கையில் 275 ரிக்பி. குழலை மெல்ல மெல்லத் திருப்பி, ஒரே கையால் சுட்டு வீழ்த்தினார். கனத்த இரட்டைக்குழலாயின் அது கைகூடியிராது.

பின்னுதைப்பு தோள்வலியோடு முடியும் செய்தியன்று. உதைப்புக்கு அஞ்சுபவன் விசையை இழுக்குமுன் தன்னையறியாமலே கண்ணை மூடுவான், தோள் நடுங்கும், குறி தவறும். நெஞ்சில் பாய வேண்டிய குண்டு காலிலோ தாடையிலோ பாயும். காயமுற்ற புலி மானைத் துரத்த இயலாமல் மனிதனை நாடும். ஆட்கொல்லிகள் பல இவ்வாறு பொறுப்பற்ற வேட்டைக்காரர்களால் உருவானவையே என்பதை ஆண்டர்சன் தம் நூல்களில் வலியுறுத்தினார். ஒருவன் நொடிப்பொழுது கண் மூடியதன் விளைவை, விறகு பொறுக்கச் சென்ற ஏழைப் பெண்ணும் ஆடு மேய்த்த சிறுவனும் ஏற்க வேண்டியதாயிற்று.

ஜவளகிரிப் பெண்புலியை, ஆண்புலியின் குரலைத் தாமே எழுப்பி வரவழைத்துச் சுட்ட வரலாற்றை 1954 இல் வெளிவந்த தம் முதல் வேட்டை நூலில் அவர் எழுதினார். சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தையின் வரலாறு 1959 இல் நூலாயிற்று. அவர் கூற்றுகளில் கற்பனையும் கலந்திருக்கலாம் எனக் கருதுவோர் உளர். எனினும் காட்டையும் காட்டு மக்களையும் அவர் நேசித்தமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. பிற்காலத்தில் துப்பாக்கியை விடுத்து ஒளிப்படக் கருவியை ஏந்தினார். காடுகள் அழிவதைக் கண்டு வருந்தி எழுதினார். 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1974 இல் பெங்களூரில் அவர் மறைந்தார்.

அவர் நடந்த காடுகளின் பெரும்பகுதி 2014 இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. இன்று அங்கே துப்பாக்கிக்கு இடமில்லை. ஆயினும் ஆண்டர்சன் வாழ்வு தரும் பாடம் எத்துறையினர்க்கும் பொருந்தும். ஆற்றல் மிக்க கருவியைக் கையில் எடுப்பவன் அதன் எடையையும் உதைப்பையும் தன் தோளிலேயே தாங்கக் கற்க வேண்டும். அவன் தாங்கத் தவறினால், அதனைத் தாங்குவோர் ஏதுமறியாப் பிறரே ஆவர். மாணவமணிகள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.