பெயரில்லா உருவுக்கு உயிர் தந்தவர்

ஒருவரின் முகத்தை உலகம் முழுவதும் அறிந்திருக்க, அம்முகத்துக்கு உரியவரை அறிந்தோர் மிகச் சிலராய் இருத்தலும் உண்டு. தட்டையான உச்சந்தலை, நெற்றியில் தையலிட்ட வடு, கழுத்தின் இருமருங்கும் துருத்திய இரும்பாணி, பாதி மூடிய கண்ணிமை ஆகியவற்றோடு கூடிய ஓர் உருவத்தைக் காட்டினால், சிறு பிள்ளையும் அதனைப் பிராங்கென்ஸ்டைன் என்று சொல்லும். அப்பெயரோ அவ்வுருவுக்கு உரியதன்று. அதனை ஆக்கிய விஞ்ஞானிக்கு உரியது. ஆக்கப்பட்டதற்குப் பெயரே இல்லை. அப்பெயரற்ற உருவைத் தம் உடலை வருத்தித் திரையில் நடமாடச் செய்த பொறிஸ் கார்லோவ் என்னும் நடிகரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வில்லியம் ஹென்றி பிராற் என்பது. 1887 நவம்பர் 23ஆம் நாள் இலண்டன் மாநகரின் தென்பாலுள்ள கம்பர்வெல்லிற் பிறந்தார். தந்தையார் இந்தியாவில் உப்புவரிப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். இவர்தம் குடும்ப வழியில் இந்தியக் குருதியும் கலந்திருந்தது. சீயம் நாட்டு அரசனின் மக்களுக்கு ஆசிரியையாகச் சென்று புகழ்பெற்ற அன்னா லியனோவென்ஸ் இவருடைய தாய்வழிப் பாட்டியின் உடன்பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்த இவரை மூத்த உடன்பிறந்தார் வளர்த்தனர். தமையன்மாருள் ஒருவர் சீனத்தில் அரச தூதுப்பணி புரிந்து பின்னாளிற் சேர் பட்டமும் பெற்றார். தம்பியும் அவ்வழியே செல்லல் வேண்டுமென்பது குடும்பத்தாரின் விருப்பம். அவர் உள்ளமோ நாடகத்தை நாடியது. 1909ஆம் ஆண்டிற் கல்வியை விடுத்துக் கனடாவுக்குக் கப்பலேறினார்.

அந்நாட்டில் அவர் மண் வெட்டினார். கூலி வேலை செய்தார். ஊரூராய்ச் செல்லும் நாடகக் குழுக்களிற் புதுப் பெயர் பூண்டு நடித்தார். பின்னர் ஹொலிவூட் சேர்ந்து, நடிப்பால் வயிறு நிரம்பாத காலத்தில் லொறி ஓட்டியும் பிழைத்தார். ஏறக்குறைய 80 படங்களிற் சிறு வேடங்கள் தாங்கியும் எவரும் அவரைப் பொருட்படுத்தினாரல்லர்.

1931ஆம் ஆண்டில் யூனிவேர்சல் நிறுவனத்தார், மேரி ஷெல்லி அம்மையார் 1818இல் வெளியிட்ட கதையைப் படமாக்க முற்பட்டனர். இறந்தோர் உடலுறுப்புக்களைப் பொருத்தி, அதற்கு உயிரூட்டும் விஞ்ஞானியின் கதை அது. நெறியாளர் ஜேம்ஸ் வேல், கார்லோவின் எலும்பெடுத்த முகத்தைக் கண்டு அவரையே அவ்வுருவாகத் தெரிந்தெடுத்தார். ஒப்பனைக் கலைஞர் ஜக் பியர்ஸ் நாள்தோறும் நான்கு மணி நேரம் முயன்று அம்முகத்தை உருவாக்கினார். கன்னம் ஒட்டித் தோன்றும்பொருட்டுக் கார்லோவ் தம் கட்டுப் பற்களைக் கழற்றி வைத்தார். கண்கள் அறிவொளி மிக்கனவாய்த் தெரிந்தமையால் இமைமேல் மெழுகு பூசச் செய்தார். காலில் அணிந்த சப்பாத்துக்கள் ஒவ்வொன்றும் 10 றாத்தலுக்கு மேல் நிறையுடையன. இத்துணைப் பாடுபட்டும் படத்தின் தொடக்கத்தில் அவர் பெயர் இல்லை; அவ்விடத்தில் ஒரு வினாக்குறியே இடப்பட்டிருந்தது.

எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் அழுகையையும் வெவ்வேறாக வைத்தெண்ணுவர் நம் முன்னோர். கார்லோவ் அவ்விரண்டையும் ஒரு முகத்திலே ஒருங்கே காட்டினார். கூரை திறந்து ஒளி வீழ, அவ்வுரு தன் கைகளை உயர்த்தி அவ்வொளியைப் பற்ற முயலும், எட்டாது. மொழியறியாக் குழவியின் ஏக்கமே அது. படம் பார்த்த சிறுவர் அஞ்சியதோடு நில்லாது, அவ்வுருவுக்காக இரங்கியும் அவருக்குக் கடிதம் எழுதினர்.

ஏரிக்கரையில் ஒரு சிறுமி அவ்வுருவோடு மலர்களை நீரில் மிதக்கவிட்டு விளையாடுகின்றாள். மலர்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று எண்ணி அவ்வுரு அவளை நீரில் எறிகின்றது. எறியும் இடத்தைக் கார்லோவே விரும்பவில்லை. தணிக்கையாளர் அதனை வெட்டினர். அதனால் விளைந்தது யாது? நீளும் கையையும், பின்னர் தந்தை சுமந்து வரும் பிணத்தையும் மாத்திரம் கண்டோர், நடந்ததனினும் கொடியதையே கற்பனை செய்தனர். அறியாமையாற் செய்த பிழை வன்மத்தாற் செய்த கொலையாயிற்று. வெட்டிய பகுதி 1980களிலேதான் மீண்டும் சேர்க்கப்பட்டது.

விஞ்ஞானியாக நடித்தவரைத் தோளிற் சுமந்து மேட்டின்மீது பலகால் ஏறியமையாற் கார்லோவின் முதுகு ஊறுபட்டது. அந்நோவு இறுதிவரை அவரை விட்டகலவில்லை. அந்நாளில் நடிகரின் வேலை நேரத்துக்கு வரம்பில்லை. அதனை நேரிற் பட்டறிந்த இவர், 1933இல் திரைநடிகர் சங்கம் தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவராய் நின்றார்.

அவ்வாண்டிலேயே நெடுங்காலத்தின் பின் இங்கிலாந்துக்கு மீண்டார். உயர்பதவி வகித்த தமையன்மார் பேய் வேடக்காரனாகிய தம்மை எண்ணி நாணுவர் என்று அவர் உள்ளூர அஞ்சினார். பத்திரிகைக்குப் படம் பிடிக்க நேர்ந்தபொழுது, அம்முதியோர் யார் எவ்விடத்தில் நிற்பது என்று தம்முட் போட்டியிட்டனர். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட அச்சம் ஒரு நொடியில் அகன்றது.

அவ்வேடத்தை 1935இலும் 1939இலும் மீண்டும் புனைந்த பின், இனி அவ்வுருவில் வளர்ச்சிக்கு இடமில்லையெனக் கண்டு அதனைக் கைவிட்டார். வாழ்க்கையில் அவர் மென்மையானவர். தோட்டத்தையும் கிரிக்கெட் ஆட்டத்தையும் விரும்பியவர். குழந்தைகளுக்குக் கதை வாசித்து இசைத்தட்டில் வழங்கியவர். மூச்சுநோயும் மூட்டுநோயும் வருத்தியபோதும் நடிப்பை விடாது, 1969 பெப்ரவரி 2ஆம் நாள் இங்கிலாந்திலே உயிர் நீத்தார்.

விஞ்ஞானி தான் ஆக்கியதன் முகத்தைக் கண்டு வெறுத்தான், அதனைச் சங்கிலியிற் பூட்டினான், அன்பு காட்டினானல்லன். அவ்வுரு கொடியதானது அதன் பின்னரே. பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம், முகங்கண்டு ஒதுக்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒருகால் எண்ணிப் பார்த்தல் தகும். பழியைப் பெயரில்லாததன்மேற் சுமத்துதல் எளிது. வினாக்குறிக்குப் பின்னால் ஓர் உயிர் நின்றதென்று காட்டியதே கார்லோவ் செய்த தொண்டு.