மாணவர் நாவில் வாழும் ஆசான்

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களிலுள்ள சிற்றூர்களில் கோயில் திருவிழாவின்போது இன்றும் ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடைபெறுகிறது. இரவில் தொடங்கும் நாடகம் பொழுது விடியும்வரை நீளும். முதியோரும் குழந்தைகளும் திடலில் பாய் விரித்து அமர்ந்திருப்பர். ஆர்மோனியம் ஒலிக்க, முருகனும் வள்ளியும் நாரதரும் பாடியும் வாதிட்டும் கதையை நடத்திச் செல்வர். அந்நாடகத்தை இயற்றியவர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அவரே நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

சங்கரதாஸ் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தை தாமோதரர் தமிழறிந்தவர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சங்கரதாஸ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். செய்யுள் இயற்றுவது இளமையிலேயே அவருக்குக் கைவந்தது. ஆயினும் பிழைப்புக்கு ஒரு வழி வேண்டுமன்றோ? சில காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணிபுரிந்தார். அவருடைய உள்ளமோ கணக்கேட்டில் நிலைக்கவில்லை. 24ஆம் வயதில் நாடக உலகில் நுழைந்தார்.

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய அச்சந்தரும் வேடங்களை அவர் ஏற்றார். ஏற்ற வேடமாகவே மாறிவிடும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ஒருமுறை நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றார். அங்கே வந்த பெண்ணொருத்தி, இருளில் அக்கரிய உருவத்தைக் கண்டு அஞ்சி விழுந்து உயிர்நீத்தாள் என்று கூறுவர். காண்போரை மகிழ்விக்க வேண்டிய கலை, ஓர் உயிரையே வாங்கிவிட்டதே என அவர் நெஞ்சம் நொந்தார். அத்தகைய வேடங்களைப் புனைவதை அறவே கைவிட்டார்.

காலப்போக்கில் அவர் நாடகத்தையே துறந்து, துறவியாகித் திருத்தலங்களுக்குப் பயணம் சென்றார். இவ்வாறே அவர் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார். அந்நாளில் புதுக்கோட்டையில் கஞ்சிரா வாசிப்பதில் பெரும்புகழ் பெற்றிருந்தவர் மான்பூண்டியா பிள்ளை. அவர் சுவாமிகளின் புலமையை உணர்ந்து, அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார். தாள நுணுக்கங்களையும் கற்பித்தார். வீட்டையும் தொழிலையும் விட்டு வந்தவருக்கு அங்கே ஒரு தந்தையும் ஒரு கல்வியும் ஒருங்கே கிடைத்தன. பின்னாளில் சுவாமிகள் பிறர் பிள்ளைகளுக்குத் தந்தையானபோது, தாம் பெற்ற அன்பையே திருப்பி வழங்கினார் எனலாம்.

சுவாமிகள் மீண்டும் நாடக உலகிற்கு ஆசிரியராகத் திரும்பினார். பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் முதலிய பல நாடகங்களை இயற்றினார். பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் இந்துஸ்தானி மெட்டுகளும் அக்காலத் தமிழ் மேடையில் பரவியிருந்தன. நல்ல இசை எங்கிருந்து வந்தாலும் அவர் வரவேற்றார். அம்மெட்டுகளிலும் தமிழ்ப் பாடல்களை அமைத்தார்.

ஆனால் ஒரு குறை அவரை வருத்தியது. நடிகர் பலர், எழுதிக் கொடுத்த பாடத்தை மதியாமல் மேடையில் தத்தம் விருப்பம்போல் பேசினர். ஒருவரையொருவர் வெல்லும் பொருட்டுக் கதைக்குத் தொடர்பில்லாத வாதங்களில் இறங்கினர். பழகிப்போன பெரியவர்களைத் திருத்துவது அரிது. இளம் பிள்ளைகளை முறையாகப் பயிற்றுவதே வழி எனச் சுவாமிகள் துணிந்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பின்னாளில் தம் இன்குரலால் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா, சிறுவராக அங்கே பயின்றவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. சுவாமிகள் அதன் ஆசிரியரானார்.

பிள்ளைகள் சபை என்பது ஊர் ஊராகச் செல்லும் ஒரு குடும்பம். உணவும் உறக்கமும் கல்வியும் அங்கேயே. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் மைந்தர்களும் அச்சபையில் சேர்ந்தனர். அவர்களே பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்றவர்கள். அவர்களுள் சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு. பள்ளிக்கூடம் செல்ல வேண்டிய அவ்வயதில் நாடக சபையே அவருக்குப் பள்ளியாயிற்று. சுவாமிகள் கண்டிப்பு மிக்கவர். சொல் சிதைவதைப் பொறுக்கமாட்டார். எனினும் மணம் புரியாத அப்பெரியவருக்கு அச்சிறுவர்களே மக்கள்.

ஒவ்வொரு பிள்ளையின் திறனையும் அவர் அறிந்திருந்தார். சிறுவர் சண்முகத்தை மனத்திற்கொண்டு ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை இயற்றினார். இரவில் எழுத அமர்ந்தவர், நான்கு மணி நேரம் நடைபெறத்தக்க அந்நாடகத்தைப் பாடல்களும் உரையாடல்களும் அமைய ஒரே இரவில் எழுதி முடித்தார். ஊரே உறங்கிய வேளையில் ஒரு சிறுவனுக்காக ஆசிரியர் விழித்திருந்தார்.

1921ஆம் ஆண்டு சுவாமிகளை வாதநோய் தாக்கியது. கையும் காலும் முடங்கின, பேச்சும் தடைப்பட்டது. ஆயிரக்கணக்கான பாடல்களைப் பொழிந்த நா அடங்கியது. ஆனால் மாலைதோறும் விளக்குகள் ஏற்றப்பட்டன, திரை உயர்ந்தது, அவர் கற்பித்த சொற்களைப் பிள்ளைகள் பிழையின்றிப் பேசினர். ஆசிரியரால் சொல்ல இயலாததை மாணவர் சொல்லினர். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்தார். அவருடைய உடல் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் இயற்றியவற்றுள் பல, நூலாக அச்சேறாமலே மறைந்துபோயின. எஞ்சியவை பெரும்பாலும் மாணவர்களின் நினைவிலும் குறிப்பேடுகளிலும் தங்கியவையே. சண்முகம் தம் ஆசானின் வாழ்க்கையை நூலாக எழுதினார்; வாழ்நாள் முழுவதும் அவர் பெயரைப் போற்றினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியும் சுவாமிகளின் பெயரைத் தாங்கியது.

சுவாமிகள் தமக்கெனச் சேர்த்த செல்வம் ஏதுமில்லை. பிறந்த வீட்டைப் பிரிந்து வந்த சிறுவர்களின் நாவில் அவர் தமிழை வைத்தார். அவர்கள் அதனைச் சென்ற ஊர்களுக்கெல்லாம் எடுத்துச் சென்றனர். நாவில் பதிந்த மொழி, எந்த ஊரில் வாழ்ந்தாலும் நம்மோடு வரும். அதனைக் காப்பதும் அடுத்தவருக்குக் கற்பிப்பதும் நம் கையில் உள்ளன.

எண்ணிப் பார்த்து எழுதுக

1. சங்கரதாஸ் சுவாமிகள் அச்சந்தரும் வேடங்களைக் கைவிட்டது ஏன்? அம்முடிவு குறித்து உம் கருத்து யாது?
2. பெரியவர்களை விடுத்துப் பிள்ளைகளைப் பயிற்றச் சுவாமிகள் துணிந்ததன் காரணத்தை விளக்குக.
3. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தமிழ்ப் பாடலோ கதையோ கேட்டு, அதனைப் பிழையின்றி மனப்பாடம் செய்து வகுப்பில் கூறுக.