ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 1960) வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் மருத்துவமனையையும் நிறுவிய அமெரிக்க மருத்துவர் ஆவார். இளம் வயதிலேயே கருவுற்று, மருத்துவ உதவி கிட்டாமல் மாண்ட பெண்களின் நிலையே இவரை மருத்துவத் துறைக்குக் கொண்டுவந்தது.

இளமை

இவர் இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை மருத்துவர். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கையிலும் தமிழகத்திலும் மருத்துவப் பணி செய்தவர். எனினும் குடும்பத் தொழிலில் ஐடாவுக்கு நாட்டம் இருக்கவில்லை. அமெரிக்காவில் கல்வி கற்ற இவர், தாயாரின் நோய் காரணமாகவே 1890இல் திண்டிவனம் வந்தார்.

மூன்று மரணங்கள்

1890களின் தொடக்கத்தில் ஓரிரவு, பேறுகாலத்தில் துன்புற்ற மனைவியரைக் காப்பாற்றுமாறு மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஐடாவை நாடினர். மருத்துவரான தந்தையை அனுப்ப இவர் முன்வந்தார். அயல் ஆண் ஒருவர் தம் மனைவியைத் தொடுவதற்கு எவரும் இசையவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அவர்களுள் ஒருத்திக்கு வயது பதினான்கு என்பர்.

இத்தகைய இறப்புகள் அக்காலத்தில் அரிதல்ல. இடுப்பெலும்பு முழு வளர்ச்சி அடையாத வயதில் பேறு நிகழும்போது குழந்தையின் தலை வெளிவர இயலாது தடைப்படலாம். பேறுகால வலிப்பும் குருதிச்சோகையும் இவ்வயதினரை மிகுதியாகத் தாக்கும். இருப்பினும் 1891இல் இயற்றப்பட்ட சட்டம் பெண்ணின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக மட்டுமே உயர்த்தியது. திருமண வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது.

கல்வியும் பணியும்

ஐடா அமெரிக்கா திரும்பி, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் சிகிச்சை தொடங்கியது. ஷெல் என்ற செல்வர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. நகருக்கு வர இயலாதோருக்காகக் குடியாத்தம் சாலையில் மரத்தடி மருத்துவ முகாம்களை நடத்தினார்.

ஆயினும் ஒரு மருத்துவர் எத்தனை ஊர்களுக்குச் செல்ல இயலும்? தாம் ஒருவர் சிகிச்சை அளிப்பதைவிட உள்நாட்டுப் பெண்களை மருத்துவராக்குவதே தீர்வு என்று இவர் கருதினார். 1909இல் செவிலியர் பள்ளியையும், ஆகத்து 12, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண்கள் இக்கல்வியில் தேறுவார்களா என்ற ஐயம் அரசு மருத்துவ அதிகாரிகளிடம் இருந்தது. 1922இல் முதல் அணியினர் 14 பேர் படிப்பை முடித்து வெளியேறினர்.

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு பட்டயப் படிப்புக்குப் பதிலாகப் பல்கலைக்கழகப் பட்டத்தைக் கட்டாயமாக்கவே, பள்ளி மூடப்படும் நிலை ஏற்பட்டது. எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. ஆண்களையும் சேர்க்கும் முடிவை, பெண்களுக்கென்றே நன்கொடை அளித்த அமெரிக்கப் பெண்கள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். அவர்களின் மனக்கசப்பு நியாயமற்றது எனத் தள்ளிவிட இயலாது. எனினும் கல்லூரியைக் காக்க வேறு வழியின்றி ஐடா இசைந்தார். 1947இல் ஆண் மாணவர் சேர்ந்தனர்.

வளரிளம் பருவத்தினருக்கென மருத்துவர்களைத் தனியே பயிற்றும் முறை பின்னரே உருவாயிற்று. 1951இல் பாஸ்டன் சிறுவர் மருத்துவமனையில் ராஸ்வெல் காலகர் தொடங்கிய பிரிவு அதன் முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது.

இறுதிக்காலம்

ஐடா 1946இல் ஓய்வுபெற்றுக் கொடைக்கானலில் வாழ்ந்து, அங்கேயே காலமானார். இந்திய அஞ்சல் துறை 2000ஆம் ஆண்டில் இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.