ஸ்ட்ராடிவேரியஸை 'காப்பி' அடித்தே பேர் வாங்கியவர்: யார் இந்த வியோம்?

தர்மபுரி பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள். பரணில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் தாத்தா காலத்து வயலின். துளை வழியே செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் 'ஸ்ட்ராடிவேரியஸ், 1716' என்று இருக்கிறது. கூகுளில் தேடினால் கோடிக்கணக்கில் விலை காட்டும். அப்படி ஒரு நாள் உங்களுக்கு வாய்த்தால், வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தாளை நம்பவே கூடாது. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் பட்டறை பட்டறையாகச் செய்து உலகம் முழுக்க அனுப்பிய சாதாரண வயலின்களில் அந்தப் பெயர் சர்வசாதாரணமாக ஒட்டப்பட்டிருக்கும்.

அப்படிப் பெயர் ஒட்டிய கூட்டத்திலிருந்துதான் ஒரு மேதையும் வந்தார். ழான் பாப்டிஸ்ட் வியோம். 19ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய வயலின் தயாரிப்பாளர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் இவர் பெயரைத்தான் சொல்வார்கள். அவருடைய புகழும் அவர் மீதான சந்தேகமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

பாரிஸுக்கு வேலை தேடி...

1798ல் பிரான்ஸின் மிரெகூர் என்ற சிற்றூரில் பிறந்தார். நம்ம ஊரில் பத்தமடை என்றால் பாய் என்பதுபோல, அங்கே மிரெகூர் என்றால் வயலின். வியோம் வீட்டுக்கும் அதுதான் குலத்தொழில். 1818ல், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், பாரிஸுக்கு வேலைக்குப் போனார். தர்மபுரியிலிருந்து பெங்களூருக்குப் பஸ் ஏறும் பையன்களின் கதைதான் இதுவும். முதலில் ஒருவரிடம் சம்பளத்துக்கு, பிறகு இன்னொருவரிடம், அப்புறம் அவருக்கே பங்குதாரர். 1828ல் சொந்தக் கடை.

கடை வைத்த பிறகுதான் உண்மையான சிக்கல். புது வயலினை வாங்க ஆள் இல்லை. ஸ்ட்ராடிவாரி, குவார்நேரி, அமாட்டி என்று நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இத்தாலியின் கிரெமோனா நகரில் செய்யப்பட்ட பழைய வயலின்கள்தான் எல்லோருக்கும் வேண்டும். புதுசு எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வியோம் எடுத்த முடிவு எளிமையானது. பழசுதான் வேண்டும் என்றால் பழசையே புதுசாகச் செய்து தருவோம். அளவு, வளைவு, வார்னிஷின் நிறம், தோள்பட்டை உரசித் தேய்ந்த இடம் வரை அப்படியே. உள்ளே ஸ்ட்ராடிவாரியின் தாளைப் போலவே ஒரு தாள். விலை, வயலினுக்கு 300 பிராங்க், செல்லோவுக்கு 500. பிய்த்துக்கொண்டு போனது வியாபாரம்.

இது மோசடியா? இன்றும் இதில் இரண்டு பக்கமும் பேசுவார்கள். அவர் பக்கம் நிற்கும் ஆதாரம் ஒன்று உண்டு. தன் கருவிகளுக்குள் வரிசை எண்ணும் கையெழுத்தும் போட்டு வைத்தார். ஏமாற்ற நினைப்பவன் உள்ளே தன் அடையாளத்தை விட்டுவைக்க மாட்டான். ஆனால் பென்சில் எழுத்து வாங்குபவரின் கண்ணில் உடனே படாது என்பதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது!

பகானினியையே குழப்பிய நகல்

அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார் வயலின் கலைஞர் நிக்கோலோ பகானினி. அவரிடம் இருந்தது குவார்நேரி செய்த ஒரு வயலின். பீரங்கி மாதிரி முழங்குகிறது என்பதால் 'இல் கன்னோனே' என்று பெயர். அது பழுதுபார்க்க வியோமிடம் வந்தது. பழுது பார்த்த கையோடு அதேபோல் இன்னொன்றையும் செய்துவிட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது எது தன்னுடையது என்று பகானினிக்கே பார்வையில் தெரியவில்லை, வாசித்துப் பார்த்து, தொனியில் இருந்த மெல்லிய வித்தியாசத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அந்த நகல் பின்னர் பகானினியின் சீடர் சிவோரியிடம் போனது. இன்று அசலும் நகலும் இரண்டுமே இத்தாலியின் ஜெனோவா நகரில் இருக்கின்றன.

ஏறக்குறைய அதே வருடங்களில் நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினை கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்திருந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, 1834ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்த வயலினைப் பரிசாகப் பெற்றார்.

ப்ளஸ் டூவில் வந்த ஆள்!

ப்ளஸ் டூ இயற்பியலில் பயட்–சாவர்ட் விதி படித்தது நினைவிருக்கிறதா? அந்த சாவர்ட்டேதான் வியோமின் கூட்டாளி. காந்தப்புலத்தோடு நிற்காமல் ஒலியிலும் இறங்கியவர். நல்ல வயலின் ஏன் நன்றாக ஒலிக்கிறது என்று ஆராய அவருக்கு நல்ல வயலின்கள் தேவைப்பட்டன. விலை உயர்ந்த ஸ்ட்ராடிவாரிகளை நம்பி யார் தருவார்? வியோம் தந்தார்.

முன்பலகையையும் பின்பலகையையும் தனித்தனியாக அதிர வைத்துப் பார்த்தார் சாவர்ட். நல்ல கருவிகளில் இரண்டு பலகைகளும் ஒரே சுருதியில் ஒலிக்கவில்லை. பின்பலகை அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ கூடுதலாக இருந்தது. கைப்பழக்கம், காதுப்பழக்கம் என்று மட்டுமே இருந்த தொழிலுக்கு அளந்து பார்க்க ஓர் எண் கிடைத்தது. இதே வயலின் கேள்வி சுமார் நூறு வருடம் கழித்து நம் சி.வி.ராமனையும் பிடித்துக்கொண்டது. 1918ல் கல்கத்தாவிலிருந்து, வில் உரசும்போது தந்தி எப்படி அதிர்கிறது என்று அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது.

வியோமுக்குச் சோதனைகளில் தனி ஆசை. ஆக்டோபாஸ் என்று ஒன்றைச் செய்தார். சுமார் மூன்றரை மீட்டர் உயரம், மூன்றே தந்திகள். விரல் எட்டாது என்பதால் தந்தியை அழுத்த நெம்புகோலும் மிதியும் வைத்தார். 1851ல் லண்டன் பொருட்காட்சியில் அவருக்கு உயரிய பதக்கமே கிடைத்தது. ஆக்டோபாஸ் மட்டும் எந்த இசைக்குழுவிலும் பெரிதாக நிலைக்கவில்லை. அவ்வளவு பெரியதைத் தூக்கிக்கொண்டு யார் கச்சேரிக்குப் போவது?

அவர் பெயரில் எண்ணிட்டு வந்த கருவிகள் சுமார் 3,000. ஒரே மனிதர் செய்திருக்க முடியாது, அது பெரிய பட்டறை. இதில் கொஞ்சம் நெருடலும் உண்டு. டொமினிக் பெக்காத் போன்ற அசாத்திய வில் கலைஞர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஆனால் வில்லில் அடித்த முத்திரை வியோமுடையது. எந்த வில்லை யார் செய்தார்கள் என்று இன்றைய நிபுணர்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனி பெயரில் கோடு எழுதுபவர்களுக்கு இது புரியும்.

வியாபாரத்தில் கெட்டிக்காரர். 1858ல் பட்டறையை பாரிஸ் எல்லைக்கு வெளியே மாற்றினார். காரணம், நகருக்குள் கொண்டுவரும் மரத்துக்கு வரி! செக்போஸ்ட்டைத் தாண்டினால்தானே வரி என்று இந்தப் பக்கமே கடை போட்ட கதை.

டிராயரில் கிடைத்த மெசியா

லூயிஜி தாரிஸியோ என்ற இத்தாலிய வியாபாரி ஊர் ஊராக அலைந்து பழைய வயலின்களைச் சல்லிசாக வாங்கி பாரிஸில் விற்பவர். ஒவ்வொரு முறையும் ஒன்றைப் பற்றி மட்டும் பெருமையடிப்பார். ஸ்ட்ராடிவாரி 1716ல் செய்தது, யாருமே வாசிக்காதது, புத்தம்புதிதாக இருக்கிறது என்பார். கொண்டுவரவே மாட்டார். வியோமின் மருமகனும் வயலின் கலைஞருமான அலார்ட், எல்லோரும் காத்திருந்தும் வராத மெசியாவைப் போல இருக்கிறதே என்று கிண்டலடிக்க, அதுவே பெயராக நின்றுவிட்டது.

1854ல் தாரிஸியோ இறந்த செய்தி தெரிந்ததும் வியோம் இத்தாலிக்குக் கிளம்பிப் போனார். உறவினர்களிடம் 80,000 பிராங்க் கொடுத்து 144 கருவிகளை மொத்தமாக வாங்கினார். அதில் இருபதுக்கும் மேற்பட்டவை ஸ்ட்ராடிவாரிகள். பண்ணை வீட்டில் ஓர் ஆட்டம் கண்ட மேசையின் டிராயரில் மெசியா இருந்ததாகச் சொல்வார்கள். அவ்வளவையும் விற்றவர், அதை மட்டும் 1875ல் சாகும்வரை விற்கவில்லை.

ஆனால் தொடாமலும் இருக்கவில்லை. பெரிய அரங்குகளுக்கு அதிகச் சத்தம் தேவைப்பட்ட காலம் அது. சுருதி உயர்ந்தது, தந்தியின் இழுவிசை கூடியது. அதனால் பழைய வயலின்களின் கழுத்தை நீட்டுவதும், உள்ளே ஒலிச்சட்டத்தை மாற்றுவதும் அன்றைய பழுதுபார்ப்பில் வழக்கம். வியோம் மெசியாவுக்கும் அதையே செய்தார். இன்றைக்கு ஒரு மியூசியத்தில் அப்படிக் கை வைத்தால் பெரிய ரகளையாகிவிடும்.

1990களில் வந்தது அந்தக் கேள்வி. இவ்வளவு புதிதாக இருக்கும் மெசியா நிஜமாகவே ஸ்ட்ராடிவாரி செய்ததா, இல்லை இந்தக் காப்பி மன்னனின் கைவரிசையா? மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். முன்பலகையின் கடைசி வளையம் 1680களில் நிற்கிறது. ஸ்ட்ராடிவாரியின் காலத்தோடு அது ஒத்துப்போகிறது. வாதம் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

வியோம் வயலின் எப்படி ஒலிக்கும் என்று கேட்க ஆசையா? ஹிலாரி ஹான் வாசிப்பதை யூடியூபில் தேடுங்கள். அவர் கையில் இருப்பது 1864ல் வியோம் செய்த 'இல் கன்னோனே' நகல். மெசியாவைக் கேட்க வழியில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், யாரும் வாசிக்காமல் இருக்கிறது. அதில் செதுக்கு வேலையோடு இருக்கும் பிரடைகள் வியோம் போட்டவை.